சாவித் துவாரத்துக் குடித்தனம்

மனிதர்களில் பல தினுசு உண்டு என்பது உங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாம்பாருக்கு மார்க் போடுகிறவர், பஸ்ஸில் அடுத்தவர் ஜன்னலைச் சாத்தச் சொல்கிறவர், துக்கம் கேட்கப் போன இடத்தில் செத்தவரை விட்டுவிட்டுத் தன்னுடைய ரத்தக்கொதிப்பைப் பற்றிப் பேசுகிறவர் என்று எத்தனையோ பேரைப் பார்த்து, பழகி, பொறுத்துக்கொள்ளவும் நாம் கற்றுக்கொண்டுவிட்டோம். ஆனால் இன்னொரு தினுசு இருக்கிறது. பார்த்தால் பரம சாது. தலையில் கம்பளிக் குல்லா, கழுத்தில் மப்ளர், சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி. தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பூச்சியைப் பார்ப்பார். பார்க்கட்டுமே, யார் வேண்டாம் என்றது? பார்த்ததோடு விடமாட்டார். உங்களையும் பார்க்க வைப்பார். நீங்கள் மரியாதைக்கு அந்தப் பூச்சியின் பெயரைச் சொல்வீர்கள். அது தப்பு என்பார். அன்றைக்கு நீங்கள் வீடு போய்ச் சேர நேரமாகும்.

இவர்களுக்குப் பூச்சி உபதேசியார் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கீழே வத்தலக்குண்டு, பெரியகுளம் பக்கம் இந்த இனம் அதிகம் இல்லை. அந்த வெயிலில் நின்று பூச்சியைப் பார்க்க எவனுக்குத் தெம்பு இருக்கிறது? கொடைக்கானலில்தான் இது நன்றாக வளர்கிறது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, வீட்டைச் சுற்றி நாலு பேரி மரமும் ஒரு டேலியாப் பாத்தியும் வைத்துக்கொண்டு, காலை வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஆண்பிள்ளைகளுக்கு இது எளிதில் தொற்றிக்கொள்ளும். பெண்களுக்கு வருவதில்லை. அவர்களுக்குச் சோலி இருக்கிறது.

அங்கே நாயுடுபுரத்தில் இருந்த பழனிமுத்து இந்த இனத்தில் உயர்ந்த ரகம். பூம்பாறையில் பிறந்து, நாலு எழுத்துப் படித்து, டவுனுக்கு வந்து, உருளைக்கிழங்குச் சங்கம் ஒன்றில் மூட்டைக் கணக்கு எழுதியே தலை நரைத்தவர். அதுவரை ரொம்ப நல்ல மனிதராகத்தான் இருந்தார். மிஷன் பங்களாவிலிருந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது தட்டுமுட்டுச் சாமான்களை விற்றார்கள். குளிருக்கு ஒரு இரும்புக் கணப்பு வாங்கி வரச் சொல்லி மனைவி பிச்சையம்மாள் அவரை அங்கே அனுப்பினாள். அவர் வாங்கி வந்தது ஒரு பூதக்கண்ணாடியும், அட்டை கிழிந்த ஓர் இங்கிலீஷ் பூச்சிப் புத்தகமும். இதை வைத்துக்கொண்டு எப்படிக் குளிர் காய்வது என்று அன்றைக்கு அவள் கேட்ட கேள்விக்கு அவர் கடைசிவரை பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எறும்புக்குச் சர்க்கரை போடுவதும், சிலந்தி வலையை ஒட்டடைக் குச்சியிலிருந்து காப்பாற்றுவதும், கம்பளிப்பூச்சி ஊர்ந்த முட்டைக்கோஸைச் சமைக்கக் கூடாது என்று தடுப்பதும் வழக்கமாயின. ஆனாலும் அதெல்லாம் சில்லறை. எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், மாசி மாதத்தில், வாசல் கதவின் சாவித் துவாரத்துக்குள் ஒரு தேனீ நுழைந்தது. அன்றோடு பழனிமுத்து முழு உபதேசியாராகிவிட்டார்.

அது அடையில் கூட்டமாக வாழ்கிற தேனீ இல்லை. ராணி கிடையாது, சேனை கிடையாது. தனியாள். குழாயடி ஈரத்திலிருந்து வாயில் மண்ணுருண்டை எடுத்து வருவாள். சாவித் துவாரத்துக்குள் சின்ன அறை கட்டுவாள். அதில் மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து வைத்து, மேலே ஒரு முட்டையிட்டு, மண்ணால் அடைத்துவிட்டு அடுத்த அறைக்கு மண்ணெடுக்கப் போய்விடுவாள். புத்தகத்தையும் அகராதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, பழனிமுத்து அவளுக்குக் கொத்தனார்த் தேனீ என்று பெயர் வைத்தார். 'அது' என்று சொல்லமாட்டார். 'அவ' என்றுதான் சொல்வார். "அவ இப்ப வந்துருவா", "அவளுக்கு இன்னைக்கு மண்ணு சரியாக் கெடைக்கல." புதிதாகக் கேட்கிறவர்கள் பிச்சையம்மாளைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

அந்த வீட்டில் புதுச் சட்டங்கள் வந்தன. வாசல் கதவை உள்ளே தாழ் போட்டாயிற்று. இனி யாரும் திறக்கக் கூடாது, அதிர்ந்தால் மண் சுவர் விண்டுவிடும். எல்லாரும் சமையல்கட்டு வழியாகத்தான் வர வேண்டும், அதாவது கோழிக்கூட்டைத் தாண்டி, விறகடுக்கைச் சுற்றி, தோய்த்துப் போட்ட புடவைக்கடியில் குனிந்து. சமையல்கட்டுக் கதவுக்குப் பூட்டுக் கிடையாது என்பதால் எப்போதும் ஓர் ஆள் வீட்டில் இருக்க வேண்டும். அந்த ஆள் பிச்சையம்மாள் என்று பழனிமுத்து தீர்மானித்தார். எல்லாரையும் கலந்துகொண்டுதான் தீர்மானித்தார். அந்த எல்லாரும் அவர் ஒருவர்தான்.

நீங்கள் அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் போயிருந்தால் உங்களையும் பிடித்திருப்பார். தபால்காரர், கரண்ட் ரீடிங் எடுக்கிறவர், கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூலுக்கு வந்தவர்கள், பள்ளங்கியிலிருந்து முட்டைக்கோஸ் சுமந்து வந்த பெண்கள், யாரும் தப்பவில்லை. "வாங்க வாங்க, நல்ல நேரத்துல வந்தீங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய், கதவுக்கு ஓரமாக நிறுத்தி, வாயில் விரலை வைத்துக் காட்டுவார். நிற்பீர்கள். அவள் வரமாட்டாள். "இப்பத்தான் போனா" என்பார். இன்னும் நிற்பீர்கள். ஏரிப் பக்கமிருந்து மூட்டம் ஏறி வரும், பேரி மரம் மறையும், கதவு மறையும், கடைசியில் உபதேசியாரே மறைவார். "மூட்டத்துல அவ வெளிய வரமாட்டா, நாளைக்கு வெள்ளனே வாங்க" என்று அந்த வெள்ளைப் புகைக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும். ஓடிவிட வேண்டியதுதான்.

இதிலெல்லாம் தன்னைப் பற்றித் தனக்கே சிரிப்பு வராதவர் அல்ல பழனிமுத்து. முப்பது வருஷம் உருளைக்கிழங்கு மூட்டையைப் பார்த்துவிட்டு இப்போது ஓட்டையைப் பார்க்கிறோமே, இது முன்னேற்றமா சறுக்கலா என்று அவரே நினைத்துக்கொள்வார். வாசல்படியில் குந்தியபடி சாவித் துவாரத்தில் கண்ணை வைத்திருக்கும்போது, சொந்த வீட்டையே திருட்டுத்தனமாக எட்டிப் பார்க்கிறவன் மாதிரி இருக்கிறோம் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கால் மரத்துப்போன பிறகுதான் எழுந்திருப்பார்.

பக்கத்து வீட்டு சூசைமுத்து நிஜக் கொத்தனார். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வேலிக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்.

"ஏண்ணே, ஒத்தப் பொம்பளயா இம்புட்டும் கட்டுறா? எனக்குச் சித்தாள் ரெண்டு பேரு இல்லாம ஒரு சொவரு எந்திரிக்காது."

"அதான் சூசை அவளோட பெருமை."

"கூலி?"

"கூலி ஏது?"

"அப்ப அவளும் நாயுடுபுரத்துக்காரிதான்" என்று சொல்லிவிட்டு சூசைமுத்து உள்ளே போய்விடுவார்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்வார் பழனிமுத்து. ஒன்றைத்தான் பொறுக்கமாட்டார். அவளை யாராவது குளவி என்று சொல்லிவிட்டால் போதும், கம்பளிக் குல்லாவைக் கழற்றிவிடுவார். குல்லா கழன்றதென்றால் பிரசங்கம் நீளம் என்று அர்த்தம். "அதுதான் இல்ல" என்று தொடங்குவார். குளவி புழுவைக் கொட்டி மயக்கிக் கொண்டுவந்து அடைக்கும். இவள் பூவைத் தேடிப் போகிறவள். குளவிக்கு வழவழவென்று வயிறு, இடுப்பு நூல் மாதிரி. இவளுக்கு வயிற்றடியில் முடி, அதில்தான் மகரந்தத்தை அள்ளி வருவாள். கூட்டுக்குள் தலையை விட்டு முதலில் தேனைக் கக்குவாள், வெளியே வந்து திரும்பி, பின்பக்கமாக நுழைந்து மகரந்தத்தைத் தட்டிவிடுவாள். கட்டுவது மண் என்பதால் குளவி என்று சொல்லிவிடுவதா? சூசைமுத்துவும் மண்ணில்தான் கட்டுகிறான், அவனும் குளவியா? கேட்கிறவர் இந்த இடத்தில் கண்டிப்பாக இல்லை என்று சொல்லிவிட வேண்டும். யோசித்தால் மறுபடியும் முதலிலிருந்து வரும்.

ஊர்க்காரர்கள் அதைக் குளவி என்று சொன்னதற்கு வேறு காரணமும் இருந்தது. வீட்டில் குளவி மண்கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று நம் பக்கம் ஒரு பேச்சு உண்டல்லவா? செம்மண் கூடென்றால் ஆண், களிமண் கூடென்றால் பெண் என்று அதிலும் விவரம் வைத்திருக்கிறார்கள். பழனிமுத்துவுக்கு இதில் இரண்டு ஆட்சேபணை. கூட்டுக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை என்பது ஒன்று. இது குளவியே இல்லை என்பது மற்றொன்று. முதலாவதைக்கூட அவர் ஜனங்களின் அறியாமை என்று மன்னித்துவிடுவார். இரண்டாவதை மன்னிக்க அவரால் ஆகவில்லை.

அந்த வீட்டில் பிள்ளை என்ற பேச்சுக்கு ஒரு வலி இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும்.

அவர்களுடைய ஒரே மகள் அன்னக்கொடி. பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்யும் நல்லசாமிக்குக் கட்டிக்கொடுத்து ஏழு வருஷமாகியிருந்தது. பிள்ளை இல்லை. நல்லசாமியின் தாய் வீரம்மாள் முதல் மூன்று வருஷம் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள், அடுத்த மூன்று வருஷம் முணுமுணுத்தாள், ஏழாவது வருஷம் தை பிறந்ததும், "கொஞ்ச நாள் ஆத்தா வீட்ல இருந்துட்டு வா தாயி" என்று மருமகளைப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டாள். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போயிற்று. பக்கத்து ஊரான கூக்காலில் வீரம்மாள் வேறொரு பெண் பார்த்து வைத்திருக்கிறாள் என்று பூண்டு கொண்டுவந்த ஆட்கள் சந்தையில் சொன்னார்கள்.

நல்லசாமி கெட்டவன் இல்லை. தாயை எதிர்த்துப் பேச வாய் வராதவன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பூண்டை விற்றுவிட்டு, நேராக மாமனார் வீட்டுச் சமையல்கட்டுக்கு வந்து, அன்னக்கொடி போட்டுக் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு, அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கடைசிப் பஸ்ஸுக்கு எழுந்து போகும்போது ஒரு பை பூண்டு மறந்ததுபோல் அங்கேயே கிடக்கும். அன்னக்கொடிக்கு அவனோடு போக வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. வீட்டில் பூண்டு மலையாகக் குவிந்தது. அதை உரிக்கும் சாக்கில் அவள் மூலையில் உட்கார்ந்து அழுவாள். கேட்டால், பூண்டு கண்ணைக் கரிக்கிறது என்பாள். வெங்காயந்தான் கரிக்கும், பூண்டு கரிக்காது என்று திருத்தப் போன பழனிமுத்துவை பிச்சையம்மாள் ஒரு பார்வை பார்த்தாள். அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அப்பனாக அவருக்கும் ராத்திரிச் சோறு இறங்கவில்லை. ஆனால் இந்த இனத்துக்கு ஒரு குணம் உண்டு: கையாலாகாத துக்கம் வந்துவிட்டால், கையாலாகிற பூச்சியிடம் ஓடிவிடும். மகள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாத நேரமெல்லாம் அவர் சாவித் துவாரத்தைப் பார்த்தார்.

அப்போது ஓர் அதிசயத்தைக் கவனித்தார். வீட்டில் யாருமே அந்தக் கதவைத் தொடவில்லை. எந்நேரமும் கதவைப் படார் படாரென்று சாத்துகிற பிச்சையம்மாள் அந்தப் பக்கம் அடி மேல் அடி வைத்து நடந்தாள். ஒட்டடைக் குச்சி வாசல் பக்கமே வரவில்லை. 'ஆகா, நம் உபதேசம் பலித்துவிட்டது, கடைசியில் பிச்சையம்மாளும் விஞ்ஞானத்துக்கு வந்துவிட்டாள்' என்று பழனிமுத்து பூரித்துப் போனார். சூசைமுத்துவிடம் பெருமையும் அடித்துக்கொண்டார்.

ஒருநாள் காலையில் வெளியே வந்தவர், சாவித் துவாரத்துக்கு மேலே குங்குமப் பொட்டு ஒன்றும், அதற்கு முன்னால் கைகூப்பி நிற்கும் பிச்சையம்மாளையும் பார்த்தார். அவருடைய விஞ்ஞானம் அங்கேயே குப்புற விழுந்தது.

"இது குளவி இல்லன்னு எத்தன தடவ சொல்றது?"

"உங்களுக்குத் தேனீ. எனக்குக் குளவி."

"அது எப்படிடி ரெண்டும் ஒரே பூச்சியா இருக்கும்?"

"இருக்கும். நீங்க உங்களோடதப் பாருங்க, நான் என்னோடதப் பாத்துக்குறேன். மக வந்து அஞ்சாறு வாரத்துல கூடு கட்டிருக்கு. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் பூதக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவள் அவள். இந்த வீட்டில் அவருடைய பிரசங்கத்தைக் கடைசிவரை கேட்ட ஒரே ஜீவன். அன்னக்கொடி குளவி என்றும் சொல்லவில்லை, தேனீ என்றும் சொல்லவில்லை. வாசல் வெயிலில் உட்கார்ந்து பூண்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

பங்குனியில் ஒருநாள், நல்ல வெயில். பழனிமுத்து டேலியாப் பாத்தியில் இருந்தார். பூம்பாறை பஸ்ஸில் வந்திறங்கி, ஏற்றத்தில் விறுவிறுவென்று ஏறி வந்தாள் வீரம்மாள். பின்னால் நல்லசாமி. அவன் தலையில் ஒரு டிரங்குப் பெட்டி. கல்யாணத்தின்போது அன்னக்கொடிக்குப் பழனிமுத்து வாங்கிக் கொடுத்த பச்சை டிரங்குப் பெட்டிதான் அது. அவளுடைய புடவையெல்லாம் அதில்தான் இருந்தது. பெட்டி திரும்பி வந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பழனிமுத்துவுக்கும் புரிந்தது.

புரிந்தும் அவர் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? வீரம்மாள் படியேறி, கதவைத் தட்டக் கையை ஓங்கியதைப் பார்த்ததும், "தட்டாதீங்க! தட்டாதீங்க! பின்பக்கமா வாங்க!" என்று கத்திவிட்டார். மகளுடைய வாழ்வே வாசலில் நிற்கும்போது பூச்சியின் சுவருக்குப் பதறிய மனிதர். பிற்பாடு இதை நினைக்கும்போதெல்லாம் தன் தலையில் தானே குட்டிக்கொள்வார்.

வீரம்மாள் திரும்பி நின்றாள். "ஏன் சம்மந்தி, உங்க வீட்ல எனக்கு வாசக் கதவுகூடத் தெறக்காதா? கோழிக் கூட்டச் சுத்தி வர நான் என்ன முட்டை வாங்கவா வந்துருக்கேன்? ஏலே நல்லசாமி, பெட்டிய இங்கனயே எறக்குடா. வந்த சோலி முடிஞ்சது. வெரசா வா."

நல்லசாமி பெட்டியைப் படியில் இறக்கினான். நிமிரவே இல்லை. சத்தம் கேட்டுப் பின்பக்கமிருந்து சுற்றிக்கொண்டு பிச்சையம்மாள் ஓடி வந்தாள். பின்னாலேயே அன்னக்கொடி வந்து, பெட்டியைப் பார்த்து, சுவரோடு நின்றுவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க மதினி. தெறக்க மாட்டோம்னு இல்ல. சாவி ஓட்டையில கூடு கட்டிருக்கு."

"என்ன கூடு?"

"குளவிக் கூடு."

வீரம்மாளின் முகம் மாறியது. இறங்கின படியில் திரும்ப ஏறினாள். செருப்பைக் கழற்றினாள். குனிந்து பார்த்தாள், மண்ணையும் பார்த்தாள், குங்குமத்தையும் பார்த்தாள்.

"எப்பக் கட்டுச்சு?"

"புள்ள இங்க வந்தப்பறந்தான்."

"இது செம்மண்ணுல்ல?"

"செம்மண்ணுதான் மதினி."

வீரம்மாள் நிமிர்ந்தாள். எல்லாரையும் விட்டுவிட்டுப் பழனிமுத்துவைப் பார்த்தாள். "சம்மந்தி, நீங்க படிச்சவுக. பூச்சி பொட்டப் பத்தி உங்களுக்குத் தெரியாததே இல்லன்னு பூம்பாற வரைக்கும் பேசுறாக. நான் பாட்டுக்கு எதையாவது நம்பி ஏமாறக் கூடாது. நீங்க சொல்லுங்க. இது குளவிதானா?"

கவனியுங்கள். பூதக்கண்ணாடி வாங்கிய நாளிலிருந்து பழனிமுத்து எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரு மனுஷி தானாக வந்து, நின்று, மரியாதையாக, பதில் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிஜமான ஆசையோடு, பூச்சியைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை. அவர் கை தானாகக் கம்பளிக் குல்லாவுக்குப் போயிற்று. 'அதுதான் இல்ல' என்ற வார்த்தை தொண்டையிலிருந்து கிளம்பி, நாக்கில் ஏறி, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. வயிற்றடி முடி, நூலிடுப்பு, தலையை விட்டு நுழைவது, பின்பக்கமாக நுழைவது, சூசைமுத்துவின் சுவர், எல்லாம் வரிசை கட்டி அதன் பின்னால் நின்றன. பிச்சையம்மாள் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் முப்பத்தைந்து வருஷக் குடித்தனம் இருந்தது. அவர் படியில் கிடந்த பச்சைப் பெட்டியைப் பார்த்தார். சுவரோடு சாய்ந்திருந்த மகளைப் பார்த்தார்.

"குளவிதாங்க" என்றார்.

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். ஓர் உருளைக்கிழங்கு மூட்டையை ஒற்றையாளாக லாரியில் ஏற்றியிருந்தால்கூட அத்தனை மூச்சு வாங்கியிருக்காது.

அதோடு முடிந்திருந்தால் தேவலை. ஆனால் எத்தனையோ பேரை எத்தனையோ நாள் காக்க வைத்து வராமலே ஏமாற்றிய அந்தத் தேனீ, அன்றைக்கு, அந்த நிமிஷத்தில், 'நான் யார் தெரியுமா' என்று கேட்கிறவளைப் போல, வயிறு முழுக்க மஞ்சள் மகரந்தத்தை அப்பிக்கொண்டு, நல்ல வெயிலில் எல்லார் கண்ணுக்கும் தெரிய வந்து கதவில் உட்கார்ந்தது.

"ஆத்தாடி! என்ன இது, வயித்துல மஞ்சளா இருக்கு? குளவிக்கு இப்படி இருக்காதே!" என்றாள் வீரம்மாள். பூண்டுக் காட்டில் வளர்ந்தவள், குளவியைப் பார்க்காதவளா?

பொய்யில் முதல் படி ஏறுவதுதான் சிரமம் போலிருக்கிறது; இரண்டாவது படி தானாகக் காலடியில் வந்தது. "மஞ்சப் பூசிருக்குங்க" என்றார் பழனிமுத்து.

"என்னது?"

"இது சாதாரணக் குளவி இல்லீங்க. மஞ்சக் குளவி. ரொம்ப அபூர்வம். வயித்துல மஞ்சப் பூசிக்கிட்டுத்தான் கூட்டுக்குள்ள போகும்."

அன்றைக்கு வேலையில்லாமல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த சூசைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, முந்தாநேத்து நீங்கதான என்கிட்டக் குல்லாவக் கழட்டி வச்சுட்டு—"

"சூசை! உன் மாடு டேலியாப் பாத்தியில நிக்குது பாரு!"

"என்கிட்ட ஏதுண்ணே மாடு?"

"அப்ப யாரோடதுன்னு போய்ப் பாரு!"

சூசைமுத்து இல்லாத மாட்டைத் தேடிப் போனார். வீரம்மாளுக்கு அது எதுவும் காதில் விழவில்லை. இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். "குளவியே மஞ்சப் பூசிக்கிட்டு வருதுன்னா இனி என்ன வேணும்? தலைப்பிரசவம் தாய் வீட்லதான ஆகும்? அதான் முன்கூட்டியே இங்கன வந்து எடம் புடிச்சிருக்கு. எனக்கு இது தெரியாமப் போச்சே!" என்றாள். அப்புறம் மருமகளின் கையைப் பிடித்தாள். "கெளம்பு தாயி. நாலு வார்த்த கூடப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காத. ஏலே நல்லசாமி, என்னடா மரமாட்டம் நிக்கிற? பெட்டியத் தூக்கு!"

நல்லசாமி பெட்டியைத் தூக்கிய வேகத்தைப் பார்த்துப் பழனிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதே பெட்டிதான். வந்தபோது அவன் கழுத்தை அமுக்கியது. இப்போது காலிப் பெட்டி மாதிரி போயிற்று.

பஸ்ஸுக்குப் பழனிமுத்துவும் கூடப் போனார். வீரம்மாள் முன் சீட்டில் இடம் பிடித்து, பக்கத்தில் இருந்தவளிடம் ஏற்கெனவே மஞ்சள் குளவியைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தாள். அன்னக்கொடி ஏறுவதற்கு முன் அப்பாவின் மப்ளரைச் சரிசெய்வதுபோல் கிட்ட வந்தாள்.

"அப்பா, குளவிக்கு வயித்தடியில முடி கெடையாதுல்ல?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் கண்ணில் நீர், உதட்டில் சிரிப்பு. அவள் என்றைக்கும் நம்பவில்லை. எல்லாம் தெரிந்துதான் அந்தச் சுவரோரம் நின்றிருக்கிறாள். அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று பயந்துகொண்டு நின்றிருக்கிறாள். அத்தனை வருஷப் பிரசங்கத்துக்குக் கிடைத்த ஒரே மாணவியைக் காப்பாற்ற, அந்தப் பிரசங்கத்தையே விழுங்க வேண்டியிருந்திருக்கிறது.

"பஸ் கெளம்பப் போகுது. ஏறு" என்றார் பழனிமுத்து.

அதற்கப்புறம் அவருக்குக் கிடைத்த தண்டனையைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சந்தை முடிந்ததும் பூம்பாறையிலிருந்தும் கூக்காலிலிருந்தும் பெண்கள் கும்பல் கும்பலாக அவர் வீட்டுக்கு வரலானார்கள். மஞ்சள் குளவியைப் பார்க்கத்தான். யாரையும் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கவில்லை. சொன்ன இடத்தில் நின்றார்கள், வாயில் விரலை வைத்துக்கொண்டார்கள், மூட்டம் வந்தாலும் போகமாட்டோம் என்றார்கள். ஓர் உபதேசியார் வாழ்நாள் முழுக்கக் கனவு காணும் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, "ஆமாங்க, குளவிதாங்க, மஞ்சக் குளவிங்க" என்று அவர் தலையாட்டினார். ஒவ்வொரு தடவையும் குல்லாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார், கழன்றுவிடுமோ என்று. பிச்சையம்மாள் வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தாள். புருஷனைப் பற்றி அவள் நல்லபடியாகப் பேசியதை ஜனங்கள் கேட்டது அந்த வருஷம்தான்.

பிள்ளை பிறந்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? பிறந்தது. அடுத்த வருஷம் இல்லை, அதற்கடுத்த வருஷம். வீரம்மாள் கூக்கால் பேச்சை விட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்ததில் இரண்டு பேருக்கும் மூச்சுவிட நேரம் கிடைத்தது. பழனிக்குப் போய் வருகிறோம் என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் போய் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். மருந்து கொடுத்தது நல்லசாமிக்கு. ஆறு மாதம் சாப்பிட்டான். தாய்க்குத் தெரியாது. பிறந்தது பெண். செம்மண் கூட்டுக்கு எப்படிப் பெண் பிறந்தது என்று பூம்பாறையில் ஒருத்தி கேட்டதற்கு, "அது மஞ்சக் குளவிடீ, அதுக்குக் கணக்கு வேற" என்று வீரம்மாள் அடித்துச் சொல்லிவிட்டாளாம். பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தக் கதவுக்கு முன்னால் விழுந்து கும்பிட வைத்தாள். பழனிமுத்து பக்கத்தில் நின்றார். அவருடைய தாடை அசைந்துகொண்டே இருந்தது. வெற்றிலை போடுகிறார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு சின்னப் பூச்சியைக் காட்ட உங்களை இத்தனை நேரம் நிற்க வைத்துப் பேசுகிறவன் எந்த இனத்தைச் சேர்ந்தவன் என்று நீங்கள் இப்போது என்னைக் கேட்கலாம். கேட்காமல் விட்டால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

உங்களைப் பற்றி யோசியுங்கள். வீரம்மாள் குளவியா என்று கேட்டபோது, 'இல்லையம்மா, தேனீ' என்று உங்கள் நாக்கு துடித்ததா? மருந்து யாருக்கு என்பதை அவளிடம் இன்றைக்காவது ஒருத்தர் போய்ச் சொல்ல வேண்டாமா என்று தோன்றுகிறதா? 'எல்லாம் சரி, ஆனால் அந்தத் தேனீ சம்பந்தமாக ஒரு சின்னத் திருத்தம்' என்று எனக்குக் கார்டு எழுத உட்கார்ந்துவிட்டீர்களா? அப்படியானால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். அடுத்த தடவை உங்கள் வீட்டுக்கு வந்தவர், நீங்கள் வாயைத் திறந்ததும், ஊருக்குக் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால், இன்னும் நேரமிருக்கிறது என்று சொல்லாதீர்கள்.